தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல்

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் கனடாவுக்கு விமானம் ஏறிவிட்டார்கள். காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆவுடைக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. அம்மா ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போகிறாளே என்று மகளுக்கு மனசு ஆறவில்லை. கட்டின புருஷன் எனக்கு மட்டும் ஆறுமா? ஆனால் அதை யாரும் கேட்பதில்லை.

வண்டி வெளிநாட்டில் செய்து கப்பலில் வந்தது. அதோடு டிரைவரும் வந்திருக்கிறான். சேர்மதுரை, வயது ஐம்பத்திரண்டு, ஆறு வருடமாக மாப்பிள்ளையிடம் ஓட்டியவன். கிளம்பும் நேரத்தில் மாப்பிள்ளை வண்டியைப் பற்றி என்னென்னவோ சொன்னார். வாசலில் ஒரே சத்தம். கடைசியில், “சேர்மதுரைக்கு எல்லாம் தெரியும் மாமா” என்று முடித்தார்.

டிரைவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கும் தெரியும். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். குற்றாலிங்கம் ஏறுகிறான் என்றால் கண்டக்டருக்குக் கை உதறும். நானூற்றுப் பதினேழு பேர் மேல் ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். ஒன்றுகூடத் தப்பியதில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று முதல் இந்த நோட்டில் வண்டியின் கே.எம்.பி.எல். எழுதப்போகிறேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். டிப்போவில் ஒரு டிரைவர் யோக்கியனா இல்லையா என்று பார்க்க அது ஒன்று போதும்.

பெட்ரோல் போடச் சொன்னால், பக்கத்துத் தெருவில் பங்கை வைத்துக்கொண்டு, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி நாற்கரச் சாலைக்கு ஓட்டுகிறான். கேட்டால், “அங்கதான் சார் தொண்ணூத்தேழு கெடைக்கும்” என்கிறான். சாதாப் பெட்ரோல் தொண்ணூற்றொன்றாம், இது தொண்ணூற்றேழாம். ஆக்டேன் என்று ஒரு கணக்காம். விலையும் கூடுதல். அந்த பங்க் முதலாளி இவனைத் தோளில் தட்டி டீ வாங்கிக் கொடுத்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

பெட்ரோல் போடுகிறவன் வழக்கம்போல, “ஜீரோ பாத்துக்கிடுங்க சார்” என்றான். அவன் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் இறங்கிப் போய் மீட்டரைப் பார்த்துவிடுவேன். இவர்கள் சொல்வதே நாம் பார்க்க மாட்டோம் என்ற தைரியத்தில்தான்.

ஆகஸ்ட் 31, சனி

கே.எம்.பி.எல். 12.8. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆவுடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சிரித்துக்கொண்டே இறங்கினாள். வழியில் சேர்மதுரை ஏதோ கதை சொன்னானாம். என்ன கதை என்று கேட்டேன். “சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வராது” என்றாள்.

நான் ஆஸ்பத்திரிக்குள் போவதில்லை. அந்த மருந்து வாடை எனக்கு ஆகாது. அவன்தான் உள்ளே கட்டில்வரை கொண்டுபோய் விடுகிறான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இனிமேல் பக்கத்து பங்கிலேயே சாதாப் பெட்ரோல்தான், அதுவும் நான் கூட வரும்போதுதான் என்று சொல்லிவிட்டேன்.

“சார், இந்த இன்ஜினுக்கு அது ஆகாது. தொண்ணூத்தஞ்சுக்குக் கொறையாமப் போடணும்.”

“ஊர்ல ஓடுத வண்டி எல்லாம் என்னத்தவே குடிச்சிட்டு ஓடுது?”

“மத்த வண்டி வேற சார். அதுக்கு சாதாவே போதும், தொண்ணூத்தேழு ஊத்தினாலும் ஒரு லாபமும் இல்ல. இது டர்போ வண்டி. உள்ள அமுக்கம் சாஸ்தி. எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.”

அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறவனுக்கு இவ்வளவு பேச்சு எதற்கு? அந்த டீ வாங்கிக் கொடுத்த முதலாளியை நினைத்துக்கொண்டேன். ரிப்போர்ட் எழுதும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது என் தொழில் பாடம்.

செப்டம்பர் 14, சனி

கே.எம்.பி.எல். 11.5.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது சேர்மதுரை ரேடியோவை அணைத்துவிட்டு, “கேளுங்க சார், தட்டுது” என்றான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனாக ஒன்றைக் கிளப்பிவிட்டு என் காதில் விழவைக்கப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். ஆவுடை பின்சீட்டிலிருந்து, “ஆமாங்க, தம்ளர்ல ஸ்பூன வச்சு கலக்குத மாதிரி கேக்குது” என்றாள்.

இருவரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் குறையுங்கள், தெருவே கேட்கிறது என்று ஆவுடை ஒரே நச்சரிப்பு. டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவளுக்குச் சின்னச் சத்தமும் ஆகாது.

செப்டம்பர் 29, ஞாயிறு

10.9. ஒரு டேங்கில் எத்தனை லிட்டர் போயிருக்கும் என்று பென்சிலால் போட்டுப் பார்த்தேன். வண்டி குடிக்கவில்லை என்றால் யாரோ குடிக்கிறார்கள்.

அக்டோபர் 7, திங்கள், ஆயுத பூஜை

வண்டியைக் கழுவி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பொட்டு வைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஸ்டியரிங், விளக்கு எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் பெட்ரோல் டேங்குக் கதவைத் திறந்தேன். வண்டிக்கு வாய் அதுதானே. திருகு மூடியும் கழுத்தும் சேர்கிற இடத்தில் சுற்றிலும் கெட்டிச் சந்தனம் அப்பினேன். மூடியை யார் திருகினாலும் சந்தனம் வெடிக்கும். டிப்போவில் அரக்கு முத்திரை வைப்போமே, அதே வேலை, ஆனால் பூஜை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அந்நிய பாஷை, நடுவில் ஒரு எண். மீதிச் சந்தனத்தை அதன்மேல் அப்பிக் குங்குமம் வைத்தேன்.

“சார், அது மேல வேண்டாம்” என்று சேர்மதுரை வாயெடுத்தான். நல்ல நாளும் அதுவுமாக வாயை மூடு என்றேன்.

அக்டோபர் 12, சனி

சந்தனம் அப்படியே இருக்கிறது. ஒரு கீறல் இல்லை. ஆனால் கே.எம்.பி.எல். 10.4.

கில்லாடி. எடுத்துவிட்டுத் திரும்பவும் அப்பிவிடுகிறான்.

அக்டோபர் 20, ஞாயிறு

அறுபத்தொன்பது வயதில் பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். குழாய் எதையும் கழற்றிய அடையாளம் தெரியவில்லை. ஆவுடை சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னத்தங்க தேடுதீய?”

“ஒண்ணுமில்ல.”

“அந்த மனுஷன் என்னத்த எடுத்துட்டான்னு தேடுதீய? நானே நடக்கமாட்டாதவ. என்னைக் கொழந்த மாதிரி கொண்டுபோயிக் கொண்டாராரு. அவரு போயிட்டா நீங்க கொண்டுபோவீயளா?”

கொண்டுபோவேன் என்றேன். அவள் சன்னலைச் சாத்திவிட்டாள். சாத்தியது எனக்குக் கேட்டது.

அக்டோபர் 21, திங்கள்

சேர்மதுரைக்கு மெமோ கொடுத்தேன். முறைப்படி எழுத்தில். ‘எரிபொருள் செலவு காரணமின்றி உயர்ந்துள்ளமை குறித்து மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’ வாங்கிப் படித்தான். முகம் கறுத்துவிட்டது. “நான் எடுப்பேன்னு நெனைக்கீயளா சார்?” என்று கேட்டான். நினைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை, எண் சொல்கிறது என்றேன்.

அக்டோபர் 24, வியாழன்

விளக்கம் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு முழுப்பக்கம், கோணல் எழுத்து. முதல் வரி ‘நான் பெட்ரோல் எடுக்கவில்லை’. நானூற்றுப் பதினேழு பேரும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். மேற்கொண்டு படிக்கத் தேவைப்படவில்லை. மேலே ‘விளக்கம் திருப்தியாக இல்லை’ என்று எழுதிக் கோப்பில் போட்டேன். சாவியை வாங்கிக்கொண்டேன்.

போகிறபோது ஆவுடையிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்றான். அவள் தூங்குகிறாள் என்றேன். அவள் தூங்கவில்லை.

நவம்பர் 2, சனி

ஏஜென்சியிலிருந்து புதிய டிரைவர், ஜெபசிங். பேச்சே இல்லாத ஆள். அதுதான் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்துகொள்கிறான். உள்ளேயிருந்து சக்கர நாற்காலி வரும்வரை ஆவுடை காத்திருக்க வேண்டியதாகிறது. அதெல்லாம் பழகிவிடும்.

நவம்பர் 9, சனி

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன். சேர்மதுரை வேன் ஓட்டும் வேலைக்கு மனுப்போட்டிருக்கிறானாம். ஆள் எப்படி என்று கேட்டார்கள். வண்டி நன்றாக ஓட்டுவான், கை சுத்தமில்லை என்றேன். பிள்ளைகள் ஏறுகிற வண்டி. உண்மையைச் சொல்வது என் கடமை.

நவம்பர் 16, சனி

10.1.

ஜெபசிங்கும் எடுக்கிறான் போலிருக்கிறது.

நவம்பர் 19, செவ்வாய்

ஜெபசிங் இன்று முதல்முறையாக வாய் திறந்தான். “சார், வண்டி தட்டுது. என்ன பெட்ரோல் போடுதீய?” இவனும் சேர்மதுரையும் ஒரே ஊராக இருக்கும். விசாரிக்க வேண்டும்.

நவம்பர் 26, செவ்வாய்

மேம்பாலத்தின் உச்சியில் வண்டி நின்றுவிட்டது. பெரிய சத்தம். இதை நானே கேட்டேன். பின்னால் நீலப்புகை. காலை பதினொரு மணி வெயில், முன்னும் பின்னும் ஹாரன். ஆவுடைக்கு மூச்சு வாங்கியது. ஜெபசிங் ஆட்டோ பிடிக்க ஓடினான். நான் கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்தேன். கையைப் பிடித்துத்தான் இழுத்தேன், வேறு எதைப் பிடிப்பது? “அந்தக் கை இல்ல, அந்தக் கை இல்ல” என்று அலறினாள். ஆட்டோ வரும்வரை அவள் விழுந்துவிடாமல் அதே கையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இடது கையைத் தொட்டுப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து வைத்திருந்த நரம்பு அங்கேதான் இருக்கிறதாம். அதில் ரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்றாள்.

“இந்தக் கையப் பிடிச்சுத் தூக்கக் கூடாதுன்னு வீட்ல யாரும் சொல்லலியா?”

யாரும் சொல்லவில்லை என்றேன்.

கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 27, புதன்

வண்டி ஓடவில்லை. எழுத எண் இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

வண்ணார்பேட்டையில் மெக்கானிக் ஸ்டீபன் இன்ஜினைப் பிரித்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். ஒரு பிஸ்டனை என் கையில் வைத்தார். விளிம்பில் எலி கடித்த தேங்காய்போல ஒரு துண்டு காணவில்லை.

“என்ன பெட்ரோல் போட்டீய?”

“சாதா.”

“எத்தன மாசமா?”

“மூணு மாசம் இருக்கும்.”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். “சார், ஆக்டேன்னா பவருன்னு எல்லாரும் நெனைக்காங்க. அது பவரு இல்ல, பொறுமை. உள்ள பிஸ்டன் பெட்ரோலையும் காத்தையும் போட்டு அமுக்கும். ப்ளக்கு தீ வைக்கிற வரைக்கும் பெட்ரோல் பொறுத்திருக்கணும். இந்த மாதிரி வண்டியில அமுக்கம் ரொம்ப அதிகம். சாதாப் பெட்ரோல் பொறுக்காது. தன்னால வெடிச்சிரும். அதான் டக்கு டக்குன்னு கேக்கும். உங்களுக்குக் கேக்கலியா?”

நான் பிஸ்டனைத் திருப்பிப் பார்த்தேன்.

“கம்ப்யூட்டர் இருக்குல்லா, அது தட்டுதுன்னு தெரிஞ்சதும் தீயைத் தள்ளிப் போடும். இன்ஜினக் காப்பாத்தத்தான். ஆனா இழுவை போயிரும். டிரைவர் கூட மிதிப்பான், பெட்ரோல் கூடப் போவும். உங்களுக்கு மைலேஜ் விழுந்திருக்கணுமே?”

“விழுந்தது.”

“எம்புட்டு?”

“பன்னிரண்டே முக்கால்ல இருந்து பத்து.”

“சரியா இருக்கு. இந்த வண்டியில தட்டுறதப் புடிக்கிற சென்சாரும் பழசு. ஒரு கட்டத்துக்கு மேல அதுக்கும் ஏலல. பழைய டிரைவர் சேர்மதுரைதான? வெவரமான ஆளாச்சே. அவரு சொல்லலியா?”

பிஸ்டன் கனமாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடுவரை கொண்டுவந்துவிட்டேன்.

டிசம்பர் 4, புதன்

கோப்பை எடுத்தேன். ‘விளக்கம் திருப்தியாக இல்லை’ என்ற என் கையெழுத்துக்குக் கீழே அவன் எழுத்து. நாற்பத்தொரு நாள் அப்படியே கிடந்திருக்கிறது. அப்படியே இங்கே எழுதுகிறேன்.

‘ஐயா அவர்களுக்கு. நான் பெட்ரோல் எடுக்கவில்லை. இந்த வண்டிக்கு 95க்குக் குறையாமல் போட வேண்டும். டேங்குக் கதவின் உள்ளே சீட்டில் போட்டிருக்கிறது. சந்தனத்தைத் துடைத்துப் பார்க்கவும். எனக்கு அப்புறம் வருகிற டிரைவரிடம் கட்டாயம் சொல்லவும். சாதா போடத்தான் வேண்டும் என்றால் பாலம் ஏறும்போது ஏசியை நிறுத்தி மெதுவாக ஏறச் சொல்லவும். அம்மாவுக்கு இடது கை ஊசிக் கை. அந்தக் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வலது பக்கம் நின்று இடுப்பில் கை கொடுத்து, இடது காலை முதலில் வைக்கச் சொன்னால் அவர்களே ஏறிக்கொள்வார்கள். இப்படிக்கு, சேர்மதுரை.’

யாரும் சொல்லவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

ஸ்டீபனின் ஷெட்டுக்குப் போய்ச் சந்தனத்தைத் துடைத்தேன். காய்ந்து இறுகிவிட்டது, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. கீழே 95. இதையும் எழுதிவிடுகிறேன், எழுதாமல் விட்டால் என்ன ஆகப்போகிறது. ஆயுத பூஜை அன்றைக்கே அந்த எண்ணை நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் அப்பினேன்.

டிசம்பர் 5, வியாழன்

ஆவுடைக்கு விளக்கத்தைப் படித்துக் காட்டினேன். கழுத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், “இத்தன நாளா இது வீட்லயா கெடந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் 9, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். அன்றைக்கு நான் சொன்னது தவறு, சேர்மதுரை யோக்கியமான ஆள் என்றேன். வேறு டிரைவரைப் போட்டுவிட்டார்களாம். இன்னும் இரண்டு இடத்திலும் இதே பேச்சுப் பரவி அவனை எடுக்கவில்லை என்று அங்கே பேசிய அம்மாள் சொன்னாள். நான் ஓர் இடத்தில்தான் சொன்னேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

அருளானந்தம் என்று ஒரு கண்டக்டர். திருச்செந்தூர் வண்டி. ஒரு கிழவிக்கு டிக்கெட் கொடுக்கவில்லை என்று எழுதினேன். டிக்கெட்டைக் காற்று கொண்டுபோய்விட்டது என்று கிழவியே சொன்னாள். விளக்கம் திருப்தியாக இல்லை. இன்று காலை பல் தேய்க்கும்போது அவன் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு வேறொருவன். பெயர் வரவில்லை, முகம் மட்டும் வருகிறது. நானூற்றுப் பதினேழு என்று எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டிசம்பர் 20, வெள்ளி

காது டாக்டரிடம் போனேன். இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார். எத்தனை வருடமாக என்று கேட்டேன். பத்து வருடமாவது இருக்கும் என்றார்.

ஜனவரி 11, சனி

வண்டி சரியாகி வந்துவிட்டது. மாப்பிள்ளை அங்கிருந்தே சாமான் வாங்கி அனுப்பினார். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெபசிங் ஓட்டினான், நான் முன்னால், ஆவுடை பின்னால். டேங்கில் பெட்ரோல் கொஞ்சம்தான் இருந்தது. தொண்ணூற்றேழு கிடைப்பது நாற்கரச் சாலை பங்கில் மட்டும்தான். போனோம்.

சட்டையில் பங்கின் பெயர் போட்டுக்கொண்டு வந்தது சேர்மதுரை.

அவனை வேறு யாரும் எடுக்கவில்லை, அந்த முதலாளிதான் கூப்பிட்டு வேலை கொடுத்தாராம். இதை ஆவுடை கேட்க, அவன் அவளிடம் சொன்னான். அவள் கழுத்தைப் பார்த்தான். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. “இன்னைக்கு டயாலிசிஸ்லா? நேரமாச்சேம்மா” என்று சொல்லி, அவளுக்குப் பின்னால் சரிந்துகிடந்த தலையணையை நிமிர்த்தி வைத்தான்.

நான் கீழே இறங்கி நின்றேன். இரண்டு வாரமாக யோசித்து வைத்திருந்த வார்த்தை வாய்வரை வந்தது. “சேர்மதுரை” என்றேன். அவன் டேங்குக் கதவைத் திறந்தான். சுரண்டியிருந்த சீட்டை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகச் சற்று உரக்கவே சொன்னான்.

“சார், ஜீரோ பாத்துக்கிடுங்க.”

வருகிற எல்லாரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னான். குரலில் கோபம்கூட இல்லை.

பார்க்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் என் கண் மீட்டருக்குப் போய்விட்டது. ஜீரோதான் இருந்தது. நான் பார்த்ததை அவனும் பார்த்தான், பின்சீட்டிலிருந்து ஆவுடையும் பார்த்தாள்.

அவன் பெட்ரோலைப் போட ஆரம்பித்தான்.